தலைகீழாய் அடித்த முப்பத்தொரு தறி

"இந்தக் கட்டையப் போடச் சொல்லி எழுதுன மகராசன் நீங்கதானா?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கொடைக்கானலில் ஓடைக்கரைப் பாதையின் முகப்பு. பாதையின் குறுக்கே இடுப்புயரத்துக்கு ஒரு தைலமரக் கட்டையைப் போட்டுச் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் மூன்று மட்டக் குதிரைகளோடு நின்றுகொண்டு ஒரு அம்மாள் என்னைக் கேட்ட கேள்வி இது.

குதிரைகளின் இரண்டு விலாவிலும் பூண்டு மூட்டைகள். மூடுபனியில் சாக்கு நனைந்து, பூண்டு வாடையும் குதிரை வேர்வையும் கலந்து முகத்தில் அடித்தது. அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பளியை முக்காடாகப் போட்டிருந்தார். கையில் சாட்டை இல்லை. வாயே போதும் என்பது பிறகு தெரிந்தது.

"நான் போடச் சொல்லலைம்மா. பாதை யாரோடதுன்னு தாசில்தார் கேட்டார். அளந்து பாத்து எழுதிக் கொடுத்தேன்."

"யாரோடதுன்னு எழுதுனீங்க?"

மேட்டில் தெரிந்த பங்களாவைக் கையால் காட்டினேன். வாய் திறந்து சொல்லத் துணிச்சல் வரவில்லை.

என்னை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். "நல்லாருங்க," என்றார். நம் பக்கத்தில் 'நல்லாருங்க' என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். அவர் சொன்னது இரண்டாவது விதம். குதிரைகளைத் திருப்பிக்கொண்டு மோட்டார் ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

பெயர் மூக்காயி, மேல்மலையில் போளூர்க்காரர் என்று என்னோடு அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். பாதையை அடைத்த மறுவாரமே, மோட்டார் ரோட்டில் லாரி ஹாரனுக்கு மிரண்டு அவருடைய குதிரை ஒன்று பள்ளத்தில் விழுந்து முன்னங்கால் முறிந்துபோனது. நாலு குதிரை மூன்றானது அப்படித்தான்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் இறங்காமல் போயிற்று.

சந்தனம் அரைத்த வீட்டுப் பிள்ளை

போன வாரம் இந்தத் தொடரில் பெருமாள்மலைக் காப்பிக் கடையைப் பற்றி எழுதியதற்கு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடையில் போட்டது சர்க்கரையா கருப்பட்டியா என்று அவர்களுக்குள் சண்டை. ஐயா, பஸ்ஸில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டு இறங்கிக் குடித்த காப்பி அது. எதைப் போட்டிருந்தாலும் அமிர்தம்தான். என்னை விடுங்கள்.

நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவன். மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களின் தலையில் பூசச் சந்தனம் அரைத்துக் கொடுத்த குடும்பம். சர்வேயர் வேலைக்கு எழுதிப் பாஸானதும், கொடைக்கானலுக்குப் போட்டுவிட்டார்கள். ஐம்பதுகள் முடிகிற சமயம். முதல் வாரம் என்னிடம் இருந்த நாலு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

அந்த ஊரில் எதைக் கேட்டாலும் ஒரு துரை வந்துவிடுவார். ஏரியா, துரை. ரோடா, துரை. பேரிக்காயா, அதுவும் துரை. மழையைக்கூட ஒரு துரைதான் சீமையிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். எனக்கென்ன தெரியும்? கீழேயிருந்து வந்தவன்.

செருப்பைக் கழற்றிய இடம்

ஓடைக்கரைப் பாதைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். "ஏங்க சார்?" என்று செயின்மேன் கேட்டான். "கல்லு உறுத்துது" என்று பொய் சொன்னேன். உண்மையில், கோயில் பிராகாரத்துக்குள் வந்துவிட்டோம் என்று கால் நினைத்துக்கொண்டது.

சந்தைக்குக் கீழே இருந்த சின்னப் பாலத்தில் தொடங்கி, மேட்டில் ஓடையைக் கல்மேல் கால்வைத்துத் தாண்டுகிற இடம்வரை பாதை. இடது கைப்பக்கம் ஓடை. ஓடைக்கும் பாதைக்கும் நடுவில் முப்பத்தொரு மரங்கள், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில். எல்லாம் ஆத்துப்பாலை. ஒவ்வொன்றும் இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். காற்று வந்தால் இலையின் அடிப்பக்கத்து வெள்ளை புரளும். மேலே அத்தனை மரமும் ஒன்றாக வெளுத்து, மறுபடி ஒன்றாகப் பச்சையாகும். அப்போது ஓடை ஓசைகூடக் கேட்காது. பஞ்சு வெடிக்கும் காலத்தில் பாதை முழுக்க மெத்து மெத்தென்று இருக்கும்.

ஊரே அங்கேதான் நடந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்மார், பங்களா பட்லர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஆயாக்கள், ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வருகிறவர்கள். சனி, ஞாயிறு மட்டும் மேல்மலைக் குதிரைகள். போளூர், கிளாவரை ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து, குதிரைகளை அந்த மரங்களில் கட்டி ஓடையில் தண்ணீர் காட்டுவார்கள். திங்கட்கிழமை வெள்ளனே கிளம்பிவிடுவார்கள்.

மேட்டுப் பங்களாவைக் கட்டிய துரை, தன் துரைசாணி சாயங்காலம் நடப்பதற்காக நட்ட மரங்கள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பங்களாவை மதுரை வக்கீல் ஒருவர் வாங்கினார். துரை நட்டதென்றால் பாதையும் பங்களாத் தோட்டத்தைச் சேர்ந்ததுதானே என்று மனுப் போட்டார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு உட்கார நாற்காலி போட்டு, பிஸ்கட்டோடு டீ கொடுத்தார். அவருக்குக் குதிரைச் சாணம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. வெறும் புள்ளிக்கோடு. தாசில்தார் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். நான் மரத்துக்கு மரம் சங்கிலி பிடித்து அளந்தேன். எல்லா இடைவெளியும் ஏறக்குறைய ஒன்று. எழுதினேன்: 'மரங்கள் சம இடைவெளியில் நிற்பதால், தோட்டக்கலை அறிந்த ஒருவரால் திட்டமிட்டு நடப்பட்டவை என்பது தெளிவு.'

அந்த வாக்கியத்தை இரண்டு முறை வாசித்துப் பார்த்து மெச்சிக்கொண்டேன். இருபத்தாறு வயதுத் திமிர்.

ஓடைப் பக்கத்து முழங்கை

அந்தத் திங்கட்கிழமை எல்லைக்கல் ஊன்றப் போனேன். மூக்காயி கட்டைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குதிரைகள் வெளியே நின்றன.

"இந்தாம்மா, உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

"கல்லு ஊனுறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க சர்வேயரையா. குதிர கட்டத் தறி அடிக்கணும். எப்படி அடிப்பீங்க?"

"கம்பைக் கூராச் சீவி அடிப்பேன்."

"எந்தப் பக்கத்தச் சீவுவீங்க?"

அவர் எழுந்தார்.

"மெல்லிசா இருக்க நுனியத்தான சீவணும்? தடிச்ச பக்கம் மேல நின்னாத்தான் கல்லால அடிக்கையில பொளக்காது. கயிறும் உருவிக்கிட்டு வராது. அப்ப, கம்பு தலகீழாத்தான் மண்ணுக்குள்ள போகும். சரிதானுங்களா?"

"சரி."

"தோட்டம் போடத் தெரிஞ்ச தொர, முப்பத்தொரு மரத்தையும் தலகீழா நடுவானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "தலைகீழா நட்டா மரம் எப்படிம்மா வரும்?"

"ஆத்துப்பால வரும். பச்சக் கம்பா வெட்டி ஈரத்துல அடிச்சா எப்படி அடிச்சாலும் வரும். நேராத்தான் வராது. இங்கிட்டு வந்து பாருங்க."

பாதையில் நின்று பார்த்தவன் நான். ஓடைப் பக்கம் இறங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். மரத்தின் அடி நேராக மண்ணிலிருந்து கிளம்பவில்லை. முட்டி உயரத்தில் ஓடைப் பக்கமாகப் பிதுங்கி, முழங்கை மடக்கின மாதிரி வளைந்து, அதற்கப்புறம்தான் நிமிர்ந்திருந்தது. அந்த மடிப்புக்குள் கறுத்துப்போன ஒரு கட்டை முனை. அதன் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதில் வைத்தார். வழவழவென்று இருந்தது.

"கயிறு தேச்ச தடம். இது எங்க மாமனாரு அடிச்ச தறி."

அடுத்த மரத்துக்கு ஓடினேன். அங்கேயும் முழங்கை. அடுத்ததிலும். சில மரங்களில் பட்டை மூடி, கட்டை முனை விரல்நுனி அளவுதான் தெரிந்தது. முழங்கை மட்டும் எல்லாவற்றிலும், எல்லாம் ஓடைப் பக்கம் பார்த்து.

"ஏன் ஒண்ணுகூடப் பாதைப் பக்கம் வளையலை?"

"பாதப் பக்கம் துளுத்தத குதிர தின்னுட்டுதுல்ல!" என்று சிரித்தார். "அதுக்கு எட்டாமத் தண்ணிப் பக்கம் துளுத்தது பொழச்சுக்கிருச்சு."

"இடைவெளி ஒண்ணாயிருக்கே?"

"ஒண்ணு ஒதச்சா அடுத்ததுக்குப் படக் கூடாதுல்ல. அம்புட்டு தூரம்."

அப்படியே ஓடைக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேலே இலையெல்லாம் வெளுத்துப் புரண்டது. முப்பத்தொரு மரம்! ஊரே வந்து நிழல் வாங்கும் ஒரு சோலை! இதை யாரும் நடவில்லை. குதிரை ஓடிவிடக் கூடாதே என்று கம்பு அடித்தார்கள், சந்தைக்குப் போனார்கள், மறுவாரமும் வந்து அதிலேயே கட்டினார்கள். மரமாகட்டும் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. நினைத்துச் செய்த எத்தனையோ தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எதுவும் இதன் கால்தூசி பெறாது.

அப்புறம்தான் என் தெளிவான வாக்கியம் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரிதான் சோறு இறங்கவில்லை.

அவரவர் மரத்தடி

"மாத்திக் கட்டவே மாட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். அம்மா அக்காவாகிவிட்டார் அதற்குள்.

"அவுக அவுக தறியில அவுக அவுகதான். மாத்திக் கட்டுனா அடிதடிதான்."

இது எனக்குப் புரிந்தது. எங்கள் அடிவாரத்தில் ஒவ்வொரு ஊர்க் காவடிக்கும் இறங்க ஒரு மரத்தடி உண்டு. எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. ஒருமுறை வேறு ஊர்க்காரர்கள் தெரியாமல் அடுப்பு மூட்டிவிட்டார்கள். உரிய கூட்டம் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் அப்பா அரைத்துக்கொண்டிருந்த சந்தனத்தைப் போட்டுவிட்டு எழுந்துபோய், "அவுக வர்ற இடமுங்க இது" என்றார். எரிகிற அடுப்பை அணைத்து, பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் அளவுச் சங்கிலி கைக்கு வந்ததும் சங்கிலியை மட்டும் நம்பினேன்.

"நான் மறுபடி எழுதுறேன் அக்கா."

"எழுதுறது கெடக்கட்டும். மொதல்ல எழுதுனத அழிங்க. இன்னொரு குதிர ரோட்டுல விழுந்துச்சுன்னா, நான் சந்தைக்கு வர்றதே நின்னுபோகும். எனக்கு மட்டுமில்ல, மேல அத்தன வீட்டுக்கும் இதே கதைதான்."

குதிரை நட்டதா?

எங்கள் தாசில்தார் ஒல்லியான மனிதர். வயிற்றுப்புண்காரர். மோரும் கோபமுமாகவே காலம் தள்ளினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா விளையாடுறே? போன மாசம் துரை நட்டார். இந்த மாசம் குதிரை நட்டுதா?"

"தப்பா எழுதிட்டேங்க."

"தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். என் சர்வீஸ் புத்தகத்தில் ஓய்வுபெறும்வரை அந்த ஒரு வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையிலேயே விசாரணை, இரு தரப்பும் வரட்டும் என்று உத்தரவு போட்டார்.

முதல் மரத்தடியில் அவருக்கு மடக்கு நாற்காலி. வக்கீல் கம்பளிக் கோட்டும் குடையுமாக வந்திருந்தார். மரத்து முழங்கைகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இயற்கையா வளைஞ்சிருக்கலாம். அப்படியே தறின்னு வெச்சாலும், இவங்க அடிச்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

தாசில்தார் மூக்காயி பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. யார் யார் தறி?"

மூக்காயி மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "மொத மரம் போளூரு பெரியகருப்பன். ரெண்டாவது கிளாவர வீரணன். மூணாவது போளூரு ராக்கன்..." நிறுத்தாமல் முப்பத்தொன்றும் சொன்னார். மை காய விடாமல் எழுதினேன்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கலாம்," என்றார் வக்கீல்.

"பண்ணியிருக்கலாம்," என்றார் தாசில்தார். செயின்மேனைக் கூப்பிட்டார். "சந்தையில இருக்கிற மேல்மலைக்காரங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வா. எதுக்குன்னு சொல்லாதே." பிறகு மூக்காயியிடம், "அவங்க வந்ததும் நீ வாயைத் திறக்கக் கூடாது." என்னிடம், "பேரை மட்டும் படி. நம்பர் சொல்லாதே. வரிசையாப் படிக்காதே, கலைச்சுப் படி. வக்கீல் சார், நீங்க தாளைப் பாத்துட்டே இருங்க."

ஒரே ஒரு ஆள் மரம் மாறி நின்றாலும் போச்சு.

பெயர் படித்தேன்

பூண்டுக் கூடையும் தராசுமாக வந்து கூடினார்கள். ஏதோ தண்டனை என்று நினைத்துச் சில பேர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். "பேரு படிப்பாங்க. உங்க வீட்டுப் பெரியவரு பேரு வந்தா அவரு தறிகிட்டப் போயி நில்லுங்க. சந்தைக்கு வராத வீட்டுக்காரருன்னா அவுக ஊர்க்காரரு நிக்கலாம்," என்றான் செயின்மேன்.

"போளூர் மாயாண்டி," என்று படித்தேன்.

ஒரு நெட்டையர் கூட்டத்திலிருந்து பிரிந்து நடந்தார். பத்து மரம் தாண்டினார், பதினைந்து தாண்டினார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபத்து மூன்றாவது மரத்தில் நின்று அதன்மேல் கைவைத்தார். தாளில் இருபத்து மூன்று. வக்கீல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"கிளாவரை வீரணன்." தலையில் முக்காடு போட்ட ஒரு வயதானவர், முழுசாகக் கேட்பதற்குள்ளேயே இரண்டாவது மரத்துக்குப் போய்விட்டார். "போளூர் ராக்கன்." அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒன்றாகப் போனார்கள். மூன்றாவது மரம். "ஏலே, தண்ணிப் பக்கமா நில்லுடா, நம்ம தாத்தா கட்ட அங்கிட்டுத்தான் இருக்கு," என்று பெரியவன் சின்னவனை அதட்டினான்.

பெயர் படிக்கப் படிக்க மரத்தடிகள் நிறைந்தன. யாரும் தயங்கவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. செத்துப்போன தங்கள் ஆட்களின் பெயரை அரசாங்க ஆள் ஒருவன் உரக்கப் படிப்பதை அவர்கள் முன்பின் கேட்டதில்லை. பெயர் வந்தபோது ஒரு அம்மாள் "வந்துட்டோம் சாமி" என்று பதில் சொன்னார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் மறைத்தது. வக்கீல் பக்கத்திலிருந்து விரலால் வரியைக் காட்டினார்.

முப்பது பெயர் முடிந்தது. முப்பது புள்ளி.

"கிளாவரை சின்னக்காளை."

யாரும் நகரவில்லை. இன்னொரு தடவை படித்தேன். மூக்காயி உதட்டைக் கடித்துக்கொண்டு தாசில்தாரைப் பார்த்தார். பேசு என்று அவர் தலையசைத்தார்.

"அந்த வீட்டுல ஆளில்லைங்க. அம்மையில அம்புட்டுப் பேரும் போயிட்டாங்க. அந்தத் தறியில நாங்க யாரும் கட்டுறதில்ல. ஒம்பதாவது மரம்."

ஒன்பதாவது மரத்தடி மட்டும்தான் காலியாக இருந்தது. இந்தப் பக்கம் எட்டு மரத்தடியிலும் ஆள். அந்தப் பக்கம் இருபத்திரண்டிலும் ஆள். முப்பது மரத்தின் மேலும் கைகள்.

தாசில்தார் நாற்காலியிலிருந்து எழுந்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போய், ஒன்பதாவது மரத்தடியில் நின்றார். மரத்தின் மேல் கைவைத்தார்.

"சின்னக்காளைக்கு நான் நிக்கிறேன். வக்கீல் சார், முப்பத்தொண்ணு சரியா இருக்கா, எண்ணிக்கிங்க."

வக்கீல் எண்ணவில்லை. வரிசை நெடுகப் பார்த்தார். "எனக்கு வித்தவங்க துரை நட்டதுன்னுதான் சொன்னாங்க," என்றார். கோட்டுப் பையிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

பொதுவழி என்று எழுத்து மூலம் உத்தரவு வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. மூக்காயி அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. அன்றைக்கே, அந்த நிமிஷமே, மூன்று குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பாதை முகப்பில் வந்து நின்றுவிட்டார். நான் பூட்டைத் திறந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டு, திரும்பி மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சர்வேயரையா, செலையாட்டம் நிக்கிறீங்க? குதிர தண்ணிக்குத் தவிக்குது. கட்டையத் தூக்குங்க வெரசா."

ஒரு ஆள் தூக்குகிற கனமில்லை அது. தூக்கினேன்.